இலை செழிக்கிறது, மொட்டு வரவில்லை: கலஞ்சோவும் மற்ற பூக்கும் சதைப்பற்றுச் செடிகளும்

ஜன்னலோரம்

எல்லோருக்கும் வணக்கம். வாங்கும்போது தொட்டியே தெரியாத அளவுக்குப் பூத்திருந்த சிவப்புக் கலஞ்சோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் பூக்கள் வாடியதும் காம்புகளைக் கத்தரித்துவிட்டேன். அதற்குப் பிறகு இலை நன்றாகத்தான் வருகிறது, பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. வாங்கியபோது இருந்த குட்டை உருவமும் போய், இப்போது உயரமாகச் சாய்ந்து நிற்கிறது. வரவேற்பறையில் ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் அலமாரியில் வைத்திருக்கிறேன். பூக்க வைக்கும் உரம் என்று சொல்லி விற்கும் ஒரு பொட்டலம் வாங்கி, உறையில் போட்டிருக்கும் அளவில் கொடுத்துவருகிறேன். அளவைக் கூட்டலாமா, இல்லை வேறு உரத்துக்கு மாறலாமா?

கூடவே இன்னொன்று. கிறிஸ்துமஸ் கள்ளி நிறைய மொட்டு வைக்கிறது, ஆனால் பாதி மொட்டு விரியும் முன்பே உதிர்ந்துவிடுகிறது. அது ஏன்?

கள்ளிப்பித்தன்

உரத்தை முதலில் நிறுத்துங்கள். அந்த அறையில் ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு எரிகிறது?

ஜன்னலோரம்

பதினொன்று, சில நாள் பன்னிரண்டு. எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். அதற்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

கள்ளிப்பித்தன்

விஷயமே அங்கேதான் இருக்கிறது. கலஞ்சோ இரவின் நீளத்தை வைத்துப் பூக்கும் செடி. நீண்ட இரவுகள் தொடர்ந்து கிடைத்தால்தான் இலை விடுவதிலிருந்து மொட்டு வைப்பதற்கு மாறும். பகலின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மாற்றம் தொடங்கலாம். உறுதியாகப் பூக்க வேண்டுமென்றால் தினமும் 14 மணி நேர இருட்டு, ஒரு நாளும் விடாமல் சுமார் 6 வாரம் வேண்டும்.

1920-இலேயே கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பகலின் நீளத்தை மாற்றினால் செடி பூக்கும் காலமும் மாறுகிறது என்று புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டிவிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இருட்டின் நீளத்தைத்தான் என்பது பின்னால் தெரியவந்தது. இலையில் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பு ஒளி பட்டதும் அது ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அது திரும்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் விளக்கைப் போட்டால் கணக்கு மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். உங்கள் செடிக்கு இன்னும் நீண்ட இரவு என்ற ஒன்றே வரவில்லை.

நர்சரிகள் இதையே தொழிலாகச் செய்கின்றன. பதியம் எடுக்கும் தாய்ச்செடி பூத்துவிடக் கூடாது என்று நடு இரவில் விளக்கை எரியவிடுவார்கள். விற்பனைக்குப் போக வேண்டிய செடிகளின் மேல் மாலையிலேயே கறுப்புத் துணியை இழுத்துவிடுவார்கள். ஆண்டு முழுவதும் பூத்த கலஞ்சோ கிடைப்பது இப்படித்தான்.

உயரமானதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். வெளிச்சம் போதாதது ஒன்று. இன்னொன்று, கடைக்கு வரும் செடிகளுக்குப் பெரும்பாலும் வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளித்திருப்பார்கள். அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போகும். ஒவ்வொரு கிளை நுனியையும் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். கிள்ளிய துண்டைக் காயவைத்து நட்டால் அதுவும் செடிதான். கிள்ளிய பிறகு புதுக் கிளைகளில் இரண்டு மூன்று ஜோடி இலை வரும் வரை பொறுத்து, அப்புறம் இருட்டைத் தொடங்குங்கள்.

எருக்குழி

நண்பர் சொல்வது பாதி உண்மை என்பது என் கருத்து. என்னிடம் இருக்கும் கலஞ்சோவை இருட்டுக்காக எந்தப் பெட்டிக்குள்ளும் நான் வைத்ததில்லை. பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து அதிகமுள்ள உரம் கொடுத்தேன், பூத்தது. தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து பூவுக்கு என்பது தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தானே?

கள்ளிப்பித்தன்

அந்த உரத்தை எந்தப் பருவத்தில் கொடுத்தீர்கள்? ராத்திரி விளக்கு எரியாத இடத்தில்தானே செடி இருந்தது?

எருக்குழி

பால்கனியில். குளிர் தொடங்கும் சமயம். ஏன்?

கள்ளிப்பித்தன்

இரவு தானாகவே நீளும் பருவம் அது. பால்கனியில் விளக்கும் இல்லை. உரம் போடாமல் இருந்திருந்தாலும் பூத்திருக்கும்.

மணிச்சத்து செடிக்குத் தேவை, மறுக்கவில்லை. மண்ணில் அது குறைவாக இருந்தால் வேரும் தளரும், பூவும் தளரும். ஆனால் போதுமான அளவு இருக்கும் மண்ணில் மேலும் கொட்டினால் மொட்டு வராது, உப்புதான் சேரும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். இரும்புச் சத்தை வேர் எடுத்துக்கொள்வதையும் அது கெடுக்கும், புது இலை மஞ்சளாகும்.

எருக்குழி

சரி, ஒப்புக்கொள்கிறேன், உரம் மொட்டைத் தூண்டாது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக 'சக்குலன்ட்டுக்கு (சதைப்பற்றுச் செடிக்கு) உரமே வேண்டாம்' என்று பலர் சொல்லிக்கொண்டிருப்பதும் தப்பு. அடிக்கடி பூக்கும் செடி பட்டினி கிடந்தால் அடுத்த முறை கொத்தில் நாலே நாலு பூதான் வரும். நான் 19:19:19 போல தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரத்தைப் பொட்டலத்தில் சொல்வதில் பாதி அல்லது கால் பங்கு அளவில் கரைத்து, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை ஊற்றுகிறேன். இதை விடமாட்டேன்.

கள்ளிப்பித்தன்

அதை விடச் சொல்லி நான் எங்கே சொன்னேன்! அதுதான் சரியான அளவு. தொட்டி காய்ந்திருக்கும்போது மட்டும் உரத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் நுனி கருகும். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரம்.

நடுநிசி

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். வரவேற்பறை விளக்கின் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் இருக்கும். வெட்டவெளி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். கலஞ்சோ ஒழுங்காக வளர வேண்டுமென்றால் பகலில் சில மணி நேரமாவது 10,000 லக்ஸுக்குக் குறையாமல் வேண்டும். அதாவது, உங்கள் விளக்கு வெளிச்சம் செடியின் பசிக்குப் போதாது, ஆனால் அதன் தூக்கத்தைக் கெடுக்கத் தாராளமாகப் போதும். அலமாரிச் செடிக்கு இரண்டு பக்கமும் அடி.

கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஜன்னலை ஒட்டி ஒருமுறை, ஐந்தடி தள்ளி ஒருமுறை அளந்து பாருங்கள். நம் கண் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் பார்க்கும். எண்ணைப் பார்த்தால் அதிர்ந்துவிடுவீர்கள்.

இருட்டு கொடுக்கும் முறை: மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடுங்கள், காலை 8 மணிக்குத் திறங்கள். பெட்டியின் கைப்பிடி ஓட்டைகள், மடிப்பு இடுக்குகள் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை போட்டு மூட வேண்டாம், உள்ளே ஈரம் தங்கி இலையில் சாம்பல் நோய் வரும். திறந்திருக்கும் 10 மணி நேரத்தில் இருப்பதிலேயே நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் செடி இருக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பெட்டியை வைத்த மூலையிலேயே பகலிலும் விட்டுவிட்டால் செடிக்கு இரவும் பகலும் இருட்டுதான்.

மொட்டுக் கொத்து கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகு பெட்டியை நிறுத்திவிடலாம். அவசரப்பட்டு முன்கூட்டியே நிறுத்தினால் பூக்கொத்துக்கு நடுவில் இலை முளைத்து விநோதமாக நிற்கும். முதல் நாளிலிருந்து பூ விரிவது வரை ஏறக்குறைய மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் புழுக்கமாக இருக்கும் பருவத்தில் இன்னும் தாமதமாகும்.

பூமத்தியரேகை

நடுநிசி அவர்களுக்கு ஒரு கேள்வி. நான் இருக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான். அப்படியென்றால் கலஞ்சோ எப்போதும் பூத்துக்கொண்டே இருக்க வேண்டுமே? இங்கே அது மனம்போனபடி பூக்கிறது.

நடுநிசி

12 மணி நேரம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை. முன்னும் பின்னும் அந்திவெளிச்சம் இருக்கிறது, அதையும் செடி உணரும். அதைச் சேர்த்தால் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு தெருவிளக்கு இருந்தாலோ, இரவு வெப்பம் கூடினாலோ பூ வராது. கொஞ்சம் குளிர்ந்தால் வரும். மனம்போனபடி என்று உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். உங்களைப் போன்றவர்களுக்குப் பெட்டி இன்னும் அவசியம். ஒரு வசதியும் உண்டு, எந்த மாதத்திலும் தொடங்கலாம்.

ஜன்னலோரம்

நேற்று ராத்திரியே பெட்டி போட்டுவிட்டேன்! நடுவில் தெரியாமல் யாராவது ஐந்து நிமிடம் திறந்துவிட்டால் எல்லாம் வீணா? வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், பெட்டிக்குள் என்ன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நடுநிசி

ஒரு நாள் தவறினால் உலகம் அழியாது, ஆறு வாரத்தோடு அந்த நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடந்தால் பலன் இருக்காது. ஆளில்லாத அறையும் அலமாரிக் கதவும் பெட்டியை விட நம்பகமானவை. அப்புறம், கிள்ளிவிட்டு இலை வரும் வரை பொறுக்கக் கள்ளிப்பித்தன் சொன்னாரே, அதற்குள் பெட்டியா?

ஜன்னலோரம்

கிள்ளவில்லை. மனசு வரவில்லை.

கள்ளிப்பித்தன்

அப்படியானால் நாலு ஒல்லிக் கிளையின் உச்சியில் நாலு கொத்துப் பூ வரும், பாரம் தாங்காமல் சாயும். அதுவும் அழகுதான் என்றால் தொடருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே கத்தரியை எடுங்கள்.

இலைத்துளிர்

எல்லோரும் கலஞ்சோவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அக்காவின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கிறிஸ்துமஸ் கள்ளி பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தண்டுத் துண்டின் விளிம்பில் கூர்மையான பற்கள் போல இருந்தால் அது ஷ்லம்பர்ஜெரா ட்ரங்கேட்டா, சீக்கிரம் பூக்கும். விளிம்பு வளைந்து மழுங்கலாக இருந்தால் பக்லேயி என்ற கலப்பினம், சில வாரம் பிந்திப் பூக்கும். நட்சத்திரம் போல விரியும் பூ என்றால் அது ஈஸ்டர் கள்ளி, வசந்த காலத்தில்தான் மொட்டே வைக்கும். கடைகளில் மூன்றையும் ஒரே பெயர் சொல்லி விற்பார்கள்.

மொட்டு வைக்க இதற்கும் நீண்ட இரவு வேண்டும், ஆனால் கலஞ்சோவை விட இது குளிருக்கு அதிகம் கட்டுப்பட்டது. இரவில் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் எளிதாக மொட்டு வரும். 24-க்கு மேல் போய்விட்டால் எவ்வளவு இருட்டு கொடுத்தாலும் சிரமம்தான். பிறப்பிடம் பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகள். மரக்கிளைகளிலும் பாசி படிந்த பாறை இடுக்குகளிலும் ஒட்டி வளரும், மேகமும் ஈரமும் அதற்குப் பழக்கம். கள்ளி என்று பெயர் இருப்பதால் பாலைவனச் செடியைப் போல வறட்சியில் போட்டுவிடுகிறார்கள், பாவம்.

மொட்டு உதிர்வதற்கு நான் பார்த்த வரையில் காரணங்கள் பல. மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றுவது அல்லது திருப்பி வைப்பது. மண் ஒருமுறை முழுவதுமாகக் காய்வது, அல்லது நேர்மாறாக ஊறிக் கிடப்பது. ஏசி காற்று, சூடான காற்று நேராக மேலே படுவது. பழுத்த பழங்களை அருகில் வைப்பது, அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும். சில சமயம் செடி தன்னால் தாங்க முடிந்ததை விட அதிகம் மொட்டு வைத்துவிட்டுத் தானே கொஞ்சம் கழித்துக்கொள்ளும், அதற்குக் கவலை வேண்டாம்.

ஜன்னலோரம்

மொட்டு வந்ததும் எல்லோரும் பார்க்கட்டும் என்று நான்தான் எடுத்து வந்து மேசை நடுவில் வைப்பேன். பழத்தட்டுக்குப் பக்கத்தில்!

இலைத்துளிர்

சரியாகப் போயிற்று. முதல் இரண்டு மூன்று பூக்கள் விரிந்த பிறகு கொண்டுவந்து வையுங்கள் அக்கா, அப்போது அவ்வளவாக உதிராது.

தெற்குவாசல்

தென் அரைக்கோளத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக ஒரு வரி. 'அக்டோபரில் இருட்டைத் தொடங்குங்கள், டிசம்பரில் பூக்கும்' என்று படித்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். நமக்கு அது பகல் நீளும் பருவம். பிரேசிலிலேயே இந்தச் செடி மே மாதத்தை ஒட்டித்தான் பூக்கிறது.

வெயில்பிரியை

பெட்டி, கடிகாரம், கறுப்புத் துணி எல்லாம் எனக்குச் சரிப்படாது. நல்ல வெயில் வரும் ஜன்னலோ மாடியோ இருக்கிறவர்கள் யூஃபோர்பியா மிலி வையுங்கள். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும், ஆனால் வெயில் இருக்கும் வரை பூக்கும். இரவின் நீளம் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. மடகாஸ்கர் செடி இது. 1821-இல் இதை பிரான்ஸுக்குக் கொண்டுசென்ற மிலியஸ் என்ற ஆளுநரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் பூவிதழ் என்று நினைக்கும் சிவப்பு இரண்டும் உண்மையில் பூவடிச் செதில்கள். பூ என்பது நடுவில் இருக்கும் சின்னப் பொட்டுதான். அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

கத்தரிக்கும்போது வரும் பால் மட்டும் கவனம். தோலில் எரியும், கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. கையுறை போடுங்கள், பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அடிக்கிழங்கு

பாலைவன ரோஜா என்கிறார்களே, அந்த அடினியத்தை விட்டுவிட்டீர்களே!

வெயில்பிரியை

வேண்டுமென்றுதான் விட்டேன். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றித்தானே பேச்சு? நேரடி வெயில் ஆறு மணி நேரம் இல்லாமல் அடினியம் பூக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

அடிக்கிழங்கு

ஏற்றுக்கொள்ள மாட்டேன். வலுவான வளர்ப்பு விளக்கை நுனியிலிருந்து ஓரடிக்குள் வைத்து உள்ளேயே பூக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாதாரண ஜன்னலில் கடினம் என்பது சரிதான். அடினியம் புது வளர்ச்சியின் நுனியில் பூக்கும், அதனால் குளிர் முடிந்து வளரத் தொடங்கும்போது கத்தரித்தால் கிளை பெருகும், நுனி பெருகும், பூவும் பெருகும். ஒரு பருவம் முழுக்கக் கத்தரிக்காமல் விட்டால் மூன்று குச்சியும் மூன்று பூவும்தான்.

இலை கொட்டி நிற்கும்போது தண்ணீரைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட வேண்டும். செடி வாடிவிட்டது என்று பயந்து ஊற்றுகிறவர்களின் அடினியம்தான் அடிக்கிழங்கு மெத்தென்று அழுகிப் போகிறது. கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நலம். லேசாகச் சுருங்கி ஆனால் உறுதியாக இருந்தால் தாகம். பிசுபிசுவென்று அமுங்கினால் அழுகல், அந்தப் பகுதியை நல்ல சதை தெரியும் வரை வெட்டி, நிழலில் பல நாள் காயவிட வேண்டும்.

மீசைப்பூனை

எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. எதைப் பார்த்தாலும் கடிக்கும். இதில் எது பாதுகாப்பானது?

கள்ளிப்பித்தன்

கலஞ்சோ வேண்டாம். அதில், குறிப்பாகப் பூவில், இதயத்தைத் தாக்கும் பியூஃபாடயனோலைடு என்ற நஞ்சு இருக்கிறது. பூனை, நாய், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் ஆபத்து. அடினியம் அதைவிடக் கொடியது, ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புக்குத் தடவிய நஞ்சு அது. யூஃபோர்பியாவும் வேண்டாம். கிறிஸ்துமஸ் கள்ளி, எச்செவேரியா, ஹாவொர்த்தியா, ஹோயா இவற்றுக்கு நஞ்சு இல்லை. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான்.

நடுநிசி

நஞ்சு என்றதும் நினைவு வந்தது. கலஞ்சோ குடும்பத்துச் செடியின் இலை காலையில் புளிக்கும், பகல் ஏற ஏற அந்தப் புளிப்பு போய்விடும் என்று பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் மென்று பார்த்தே எழுதியிருக்கிறார், 1815-இல் அது வெளியானது. பகல் வெப்பத்தில் நீர் போகாமல் இருக்க இந்தச் செடிகள் இலைத்துளைகளை இரவில்தான் திறக்கின்றன. உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கின்றன. புளிப்பு அந்த அமிலத்துடையது. நீங்கள் யாரும் மென்று சரிபார்க்க வேண்டாம்.

ரோஜாவடிவம்

என் எச்செவேரியாவுக்கு முதன்முறையாகப் பூங்காம்பு வந்திருக்கிறது. பூத்தால் செடி செத்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். உடனே வெட்டச் சொல்கிறார். வெட்டட்டுமா?

இலைத்துளிர்

வெட்டாதீர்கள்! பூத்ததும் சாவது வேறு கூட்டம். செம்பர்வைவம், பெரும்பாலான ஏயோனியம், நீலக் கற்றாழை வகைகள். அவற்றில் ரோஜா வடிவத்தின் நடுப்பகுதியே மேலெழுந்து, செடி முழுவதும் பூங்காம்பாக மாறிவிடும். அதை வெட்டினாலும் அந்தத் தலை பிழைப்பது அரிது. அடியில் குட்டிகள் வந்திருக்கும், அவற்றைப் பிரித்து நட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எச்செவேரியாவில் காம்பு பக்கத்தில், இலையிடுக்கிலிருந்து வரும். நடுப்பகுதி அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் பூக்கும். செடி சமீபத்தில் நட்டது அல்லது வேர் பலவீனமானது என்றால் மட்டும் காம்பை எடுத்துவிடுங்கள், சக்தி மிச்சமாகும். காம்பில் இருக்கும் குட்டி இலைகளைப் பிய்த்து மண்மேல் வைத்தால் அவையும் முளைக்கும்.

ரோஜாவடிவம்

நன்றி, உயிர் வந்தது. காம்பு நுனியில் பச்சையாகச் சின்னப் பூச்சிகள் மொய்த்திருக்கின்றன. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

இலைத்துளிர்

அது அசுவினி. எச்செவேரியா பூவில் தேன் அதிகம், அதன் இளங்காம்பு அசுவினிக்கு விருந்து. காம்பை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். இலைமேல் எண்ணெய் வேண்டாம். அந்த வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, அது வெயிலிலிருந்து செடியைக் காக்கும் மெழுகு. எண்ணெய் பட்டாலும், நாம் தொட்டாலும் போய்விடும், அந்த இலையில் மறுபடி வராது. இலையிடுக்கில் பஞ்சு மாதிரி இருந்தால் அது மாவுப்பூச்சி, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு எடுங்கள். முதலில் ஓர் இலையில் சோதித்துவிட்டு. செடி காரணமில்லாமல் சோர்ந்து நின்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பாருங்கள், வேர் மாவுப்பூச்சி வெளியே தெரியாது.

மண்கலவை

மண்ணைப் பற்றி யாரும் பேசாததால் நான். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் உடனே இறங்காது, மேலிருக்கும் மண் முழுவதும் ஊறிய பிறகுதான் இறங்கும். கல்லடுக்கு ஈரப்பகுதியை வேரின் பக்கம் உயர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். வடிகால் வேண்டுமென்றால் கலவை முழுவதும் சொரசொரப்பாக இருக்கட்டும்: பெர்லைட், பியூமிஸ், உடைத்த செங்கல், பருமணல் இவற்றில் ஏதோ ஒன்று பாதிக்கு மேல், மீதி மக்கிய உரமும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்). கிறிஸ்துமஸ் கள்ளிக்கும் ஹோயாவுக்கும் மரப்பட்டைத் துண்டு சேர்த்து, மக்கியதைக் கூட்டிக்கொள்ளலாம். வெறும் கோகோபீட்டில் வரும் கடைத்தொட்டிச் செடியை, பூ முடிந்ததும் மாற்றி நடுங்கள். அது முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும், நாம் ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

மீசைப்பூனை

பூனை வீட்டுக்கு ஹோயா என்று முடிவு செய்துவிட்டேன். பூத்தபின் காம்பை வெட்டலாமா?

நடுநிசி

வெட்டாதீர்கள். ஹோயா அதே குட்டைக் காம்பிலிருந்துதான் மறுபடி மறுபடி பூக்கும். வெட்டினால் புதுக் காம்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். இலையில்லாமல் நீளும் கொடியையும் வெட்ட வேண்டாம், அதில்தான் இலையும் காம்பும் பின்னால் வரும். இளஞ்செடி பூக்கச் சில ஆண்டு ஆகலாம். வெளிச்சமான ஜன்னலில் தொங்கவிட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பூத்தால் ராத்திரியில் வாசனை தூக்கும், சிலருக்குத் தலைவலியே வரும்.

ஜன்னலோரம்

கிள்ளிவிட்டேன். ஏழு துண்டு கிடைத்தது, காய்ந்துகொண்டிருக்கிறது. கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளி தெரிகிறது. பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். செடி இப்போது ஜன்னல் திண்டில். வெயில் நேராகப் படுகிறது, ஓர் இலையில் பழுப்புத் தழும்பு வந்துவிட்டது. மறுபடி அலமாரிக்கே கொண்டுபோகட்டுமா?

கள்ளிப்பித்தன்

வேண்டாம். நிழலில் வளர்ந்த இலை திடீர் வெயிலைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மெல்லிய திரைச்சீலையை நடுவில் விடுங்கள், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். தழும்பு மறையாது, ஆனால் பரவாது. புது இலை வெயிலுக்கு ஏற்றபடியே வரும், விளிம்பு சிவந்தாலும் பயப்படாதீர்கள். துண்டுகளை வெட்டுவாய் காய்ந்ததும் லேசான ஈரமுள்ள மணற்கலவையில் குத்துங்கள். வேர் பிடிக்கும் வரை அவற்றுக்கு இருட்டு வைத்தியம் வேண்டாம்.

கூழாங்கல்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். கூழாங்கல் போலவே இருக்கும் சதைப்பற்றுச் செடியான என் லித்தாப்ஸ் பூத்து முடிந்துவிட்டது. இப்போது நடுவில் பிளந்து உள்ளே புது ஜோடி இலை தெரிகிறது, பழைய இலை சுருங்குகிறது. தாகம் போலிருக்கிறது, தண்ணீர் ஊற்றட்டுமா?

அடிக்கிழங்கு

ஊற்றாதீர்கள்! புது ஜோடி பழைய இலையிலிருக்கும் நீரைக் குடித்துத்தான் வளர்கிறது. இப்போது ஊற்றினால் பழைய இலை காயாமல் நின்றுவிடும், இரண்டு ஜோடியும் நெருக்கிக்கொண்டு அழுகலாம். பழையது காகிதம் மாதிரி ஆகும் வரை தொட்டியைத் தொடாமல் இருங்கள். மீதியைத் தனி இழையில் கேளுங்கள், லித்தாப்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறோம்.